முதலில் வெறும் பால் ஐஸ்கிரீமைக் கேளுங்கள்

நான் வேலூர் சத்துவாச்சாரியில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். 22 வருடமாக இதே வேலை. முன்பெல்லாம் டீப் ஃப்ரீசர் பழுது என்றால் மளிகைக் கடை, கோழிக்கடை, கல்யாண மண்டபம் என்றுதான் போவேன். இப்போது காட்பாடி காந்தி நகரிலும் பாகாயத்திலும் வீட்டு முன்னறையில் ஃப்ரீசர் வைத்து, வாரத்துக்கு ஐந்து லிட்டர், பத்து லிட்டர் ஐஸ்கிரீம் செய்து விற்கிறவர்களும் கூப்பிடுகிறார்கள். வேலை முடிந்ததும் "சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு கிண்ணம் வைப்பார்கள். அப்படிப் பழகித்தான் இதில் எனக்கு ஆசை வந்தது.

ஆசைக்கு வேர் அதற்கும் முந்தையது. என் அப்பா குடியாத்தத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். பால் ஐஸ், சேமியா ஐஸ், சிவப்புக் கலரில் குச்சி ஐஸ். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்தாலும் அது உறையாது, உப்பு விடாது. அந்தத் தண்ணீரில் தகர அச்சுகளை இறக்குவார்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்கு முந்தைய ராத்திரி அப்பா வீட்டுக்கே வர மாட்டார், விடிய விடிய அச்சு இறக்கி ஏற்றுவார். காலையில் நான் டிபன் கொண்டுபோனால் ஒரு சேமியா ஐஸ் கையில் கொடுத்து, "கடிக்காத, உறிஞ்சாத, நாக்குல வெச்சுக்கோ" என்பார். இன்றுவரை புது ஐஸ்கிரீமைச் சுவைக்க எனக்குத் தெரிந்த முதல் பாடம் அதுதான்.

கொஞ்சமாகச் செய்கிறவர்களின் ஐஸ்கிரீமுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு ஈடும் வேறு மாதிரி இருக்கும். பால் மாறும், பழம் மாறும், அன்றைக்குக் கரண்ட் எத்தனை முறை போனது என்பதும் அதில் தெரியும். கம்பெனி டப்பா மாதிரி எப்போதும் ஒரே சுவையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஆகவே ஒரு முறை சாப்பிட்டுவிட்டு முடிவு கட்டாதீர்கள். ஒருவரிடம் குறைந்தது இரண்டு தடவை, இரண்டு வேறு வாரங்களில் வாங்குங்கள்.

போனதும் முதலில் எதைக் கேட்பது? ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா போட்ட ஐஸ்கிரீம், நன்னாரி, இளநீர், நுங்கு என்று பலகையில் எழுதியிருக்கும். எல்லாம் இருக்கட்டும். முதலில் வெறும் பால் ஐஸ்கிரீமைக் கேளுங்கள். சில இடத்தில் மலாய் என்பார்கள், சில இடத்தில் வெனிலா மட்டும்தான் இருக்கும், அதுவும் சரிதான். சாக்லெட்டும் ஸ்ட்ராபெர்ரி எசன்ஸும் நிறையக் குறைகளை மூடிவிடும். வெறும் பாலில் எதையும் ஒளிக்க முடியாது. பால் அடிப்பிடித்திருந்தால் தெரியும், பால் பவுடர் தூக்கலாக இருந்தால் தெரியும், ஃப்ரீசரில் மீன் பொட்டலம் இருந்தாலும் தெரியும். பால் ஐஸ்கிரீம் நன்றாக இருக்கிற இடத்தில் மற்றதையும் நம்பி வாங்கலாம். அது சுமாராக இருக்கும் இடத்தில் பழ ஐஸ்கிரீம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெருமை பழத்துக்குத்தான்.

அடுத்து, பேச்சுக் கொடுங்கள். கூச்சப்பட வேண்டாம். கையால் செய்து விற்கிறவர்கள் தங்கள் சரக்கைப் பற்றிப் பேச ஆசையாக இருப்பார்கள். என்ன பால் என்று கேளுங்கள். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் அளவில் இருக்கும், எருமைப் பாலில் 6, 7 வரை போகும். ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டு விற்க, உணவுப் பாதுகாப்பு விதிப்படி பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் வேண்டும். (அதற்குக் குறைந்தால் மீடியம் ஃபேட், லோ ஃபேட் என்று தனியாக எழுத வேண்டும்.) அந்தப் பத்தை எட்டப் பாலைச் சுண்டக் காய்ச்ச வேண்டும் அல்லது க்ரீம் சேர்க்க வேண்டும். "எப்படிக்கா பண்றீங்க?" என்று கேட்டால் இதற்குப் பதில் தயங்காமல் வரும். தயங்கினால் கொஞ்சம் யோசியுங்கள்.

எப்போது செய்தது என்பதையும் கேளுங்கள். நல்ல கைகாரர்கள் பாலும் சர்க்கரையும் காய்ச்சி ஆற வைத்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவிட்டு, மறுநாள்தான் மெஷினில் கடைவார்கள். அப்புறம் ஃப்ரீசரில் கெட்டிப்பட இன்னொரு ராத்திரி. வியாழன் காய்ச்சினால் சனிக்கிழமை விற்பனை. "இப்பத்தான் சார் போட்டேன்" என்பது பஜ்ஜிக்குப் பெருமை, ஐஸ்கிரீமுக்கு இல்லை.

பால் பவுடர் போடுகிறார்கள், கலவை கெட்டியாக நிற்கக் கம் போடுகிறார்கள் என்றால் உடனே முகம் சுளிக்க வேண்டாம். பவுடர் அளவோடு இருந்தால் ஐஸ்கிரீமுக்கு உடம்பு கொடுக்கும். அளவு மீறினால் அதிலுள்ள பால் சர்க்கரை பொடிப்பொடியாகப் படிந்து நாக்கில் மணல் மாதிரி நெருடும். லேபிளில் 412 என்று எழுதியிருப்பது கொவார் கம், கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. 466 என்றால் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ். அதைச் சுருக்கி சி.எம்.சி. என்பார்கள். நம் ஊரில் அந்த மூன்று எழுத்து என்றால் பெரிய ஆஸ்பத்திரி என்பதால் முதல் தடவை கேட்டபோது நானே விழித்தேன். வேலூர் வெயிலில், கரண்ட் போய்ப் போய் வருகிற மே மாதத்தில், துளி கம்மும் இல்லாமல் ஐஸ்கிரீமை நயமாக வைத்திருப்பது கஷ்டம். ஒரு சிட்டிகை சேர்த்ததற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். டப்பாவில் ஃப்ரோசன் டெசர்ட் என்று சின்ன எழுத்தில் இருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயோ வனஸ்பதியோ இருக்கிறது. விற்பது குற்றமில்லை, ஆனால் அது வேறு பண்டம். ஒரு கடையில், பெயர் வேண்டாம், பலகையில் "வீட்டு முறை ஐஸ்கிரீம்" என்று இருந்தது. ஃப்ரீசரின் அடியைச் சரிபார்க்கக் குனிந்தபோது கீழே ஃப்ரோசன் டெசர்ட் பெரிய டப்பாக்கள் அடுக்கியிருந்தன. அதைத்தான் சின்னக் கிண்ணத்தில் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்கு மனசே சரியில்லை. உண்மையாகவே ராத்திரி கண்விழித்துப் பால் காய்ச்சுகிறவர்களின் பிழைப்பில் கை வைக்கிற வேலை அது. ஆகவே கடையில் சந்தேகம் வந்தால், கிண்ணத்தில் கொடுப்பதை எந்த டப்பாவிலிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் இருக்கும். வீட்டில் செய்கிறவர்களுக்கும் பதிவு தேவை. இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

இனி ஃப்ரீசர். இது என் தொழில், கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஐஸ்கிரீம் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்கும் கீழேயோ இருக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது கவனியுங்கள். சுவரில் விரல் கனத்துக்குப் பனி அப்பியிருந்தால் ரப்பர் போய்விட்டது அல்லது அடிக்கடி திறந்து மூடுகிறார்கள். அதைவிட முக்கியம், டப்பாவுக்குள் ஐஸ்கிரீமின் மேல் பார்ப்பது. மேலே ஊசி ஊசியாகப் பனி நின்றாலோ, ஐஸ்கிரீம் ஓரத்தை விட்டுச் சுருங்கிப் பள்ளம் விழுந்திருந்தாலோ, அது ஒரு தடவையாவது இளகி மறுபடி உறைந்திருக்கிறது. இளகும்போது சின்னச் சின்ன ஐஸ் மணிகள் கரையும். திரும்ப உறையும்போது அந்தத் தண்ணீர் மீதமிருக்கும் மணிகளோடு ஒட்டிப் பெரிதாகிவிடும். பிறகு என்ன செய்தாலும் பழைய நயம் வராது. கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பாகாயத்தில் ஒரு தம்பி, ஃப்ரீசரில் காலி இடமே விடாமல் உப்புத் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்கியிருக்கிறார். மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் அவர் சரக்கு அசையாது. அப்பாவின் தொட்டிதான் நினைவுக்கு வந்தது.

சரி, கிண்ணம் கைக்கு வந்துவிட்டது. உடனே கரண்டியை விடாதீர்கள். மைனஸ் 18இல் நாக்கு மரத்துப்போகும், சுவை தெரியாது. வெயில் காலத்தில் வெளியே வைத்தால் ஓரம் தண்ணீராகி நடு கல்லாக இருக்கும். வீட்டில் என்றால் டப்பாவை ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் பத்து நிமிடம் வையுங்கள், சீராக இளகும். முதல் கரண்டியை நாக்கின் மேல் வைத்து மேலண்ணத்தோடு மெதுவாக அழுத்துங்கள். முழுதாகக் கரைந்து வாய் சுத்தமாகிவிட்டால் பால் கொழுப்பு நன்றாக இருக்கிறது. மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒட்டி நின்றால் வனஸ்பதியாக இருக்கலாம். கரைந்த பிறகு சுவை நிற்கிறதா, உடனே ஓடிவிடுகிறதா என்று பாருங்கள். எசன்ஸ் முதலில் அடித்துவிட்டு ஓடிவிடும். ஏலக்காயும் நன்னாரியும் விழுங்கின பிறகுதான் வரும்.

ஒரு கரண்டியைத் தட்டில் போட்டு விட்டுவிடுங்கள். நல்லது மெல்லக் கரைந்து கெட்டிப் பால் மாதிரி படரும். தண்ணீர் தனியாகவும் நுரை தனியாகவும் பிரிந்தால் கலவை சரியில்லை. அரை மணி நேரமாகியும் பஞ்சு மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தால் காற்றும் கம்மும் அதிகம். கரைந்ததை நக்கிப் பாருங்கள், இனிப்பு எவ்வளவு என்று அப்போதுதான் புரியும். குளிரில் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். கரைந்தும் திகட்டாமல் இருந்தால் செய்தவருக்கு இனிப்பின் அளவு தெரியும்.

காற்று என்றேன் இல்லையா, அதற்குத்தான் நான் தராசு வைத்திருக்கிறேன். ஐஸ்கிரீமை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். கடையும்போது காற்று ஏறும். நிறைய ஏற்றினால் ஒரு லிட்டர் கலவை கிட்டத்தட்ட இரண்டு லிட்டராகிவிடும். விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது, அதாவது அரை லிட்டர் டப்பா 262.5 கிராம் இருந்தாலே போதும். காந்தி நகரில் ஐஸ்கிரீம் செய்து விற்கிற ஒரு அக்காவின் அரை லிட்டரை டப்பா கழித்து நிறுத்தினேன், 410 கிராம். விலை கடை டப்பாவைவிட அதிகம்தான், ஆனால் கிராமுக்குக் கணக்குப் போட்டபோது அவ்வளவு வித்தியாசமில்லை. சமையலறைத் தராசு இருந்தால் நீங்களும் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். விலை பேச அல்ல, எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள.

குல்பி இந்தக் கணக்கில் வராது. அதைக் கடைவதே இல்லை. பாலைச் சுண்டக் காய்ச்சி அச்சில் ஊற்றி, உப்பும் ஐஸும் கலந்த பானைக்குள் இறக்கிவிடுவார்கள். ஐஸில் உப்புச் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கும், கரண்ட் தேவையில்லை. காற்றே இல்லாததால் கனமாக இருக்கும், மெதுவாகக் கரையும். லாங் பஜார் பக்கம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மணியடித்துக்கொண்டு வரும் ஒரு பாயிடம்தான் நான் வாங்குவேன். அச்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, குச்சியைச் சொருகி உருவித் தருவார். ஒரு நாள் குல்பி வழக்கத்தைவிட வெள்ளையாக இருந்தது. "என்ன பாய், பவுடரா?" என்று கேட்டுவிட்டேன். "இன்னா தம்பி நீ, இன்னிக்கு எருமைப் பாலு. பாத்தா தெரியல?" என்றார். பசும்பால் கொழுப்பில்தான் அந்த லேசான மஞ்சள் உண்டு, எருமைப் பாலில் கிடையாது. கேட்டதற்கு வருத்தம் தெரிவித்து இன்னொன்று வாங்கிக்கொண்டேன். குல்பியைக் கடித்துச் சாப்பிடுங்கள், அதற்கு அதுதான் முறை. வண்டியில் வாங்கும்போது அச்சின் வாய் நன்றாக மூடியிருக்கிறதா, உப்புத் தண்ணீர் உள்ளே போகவில்லையா என்று மட்டும் பாருங்கள். முனையில் உப்புக் கரித்தால் அன்றைக்கு வேண்டாம்.

ஒரே உட்காரலில் மூன்று வகைக்கு மேல் வேண்டாம். பாலில் தொடங்கி, பிறகு பழம், கடைசியில் சாக்லெட்டோ காபியோ. நடுவில் சாதாரணத் தண்ணீர், ஒரு பிடி பொரி. ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது. ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட கையோடு ஐஸ்கிரீம் நம் ஊர் வழக்கம், எனக்கும் பிடிக்கும். ஆனால் புதியவரின் சரக்கைச் சுவைத்துப் பார்க்க அந்த நேரம் சரிவராது. வாய் முழுக்க நெய்யும் மிளகாயும் இருக்கும். மாலை நான்கு, ஐந்து மணிதான் நல்ல நேரம்.

பழ ஐஸ்கிரீமுக்குப் பருவம் பார்த்துப் போங்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து பங்கனப்பள்ளி வந்து இறங்கும் மே மாதத்தில் மாம்பழ ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டும், டிசம்பரில் கொடுத்தால் அது டின் கூழ். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் பலா பழுக்கும் காலத்தில் அதைப் போடுகிறவர்கள் உண்டு. வாசனையைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். நுங்கு மட்டும் எனக்குச் சமாதானமாகவில்லை. அது பெரும்பகுதி தண்ணீர், கலந்து உறைய வைத்தால் ஐஸ் கட்டியாகப் பல்லில் படுகிறது. பால் ஐஸ்கிரீமின் மேல் அப்போதே நறுக்கிப் போட்டுத் தரச் சொல்லுங்கள், அருமையாக இருக்கும். பனைவெல்லம் போட்டது மழைக்காலத்துக்கு ஏற்றது. வெல்லத்தைச் சூடான பாலில் போட்டால் திரிந்துவிடும், ஆறின பிறகுதான் கலக்க முடியும். அந்தப் பொறுமை உள்ளவர்களிடம் மட்டுமே அது நன்றாக வருகிறது. மக்கன் பேடா ஐஸ்கிரீம் ஆற்காட்டுக்காரர்களுக்குப் பெருமைதான், ஆனால் பேடாவின் பாகையும் சேர்த்து ஊற்றிவிடுகிறார்கள். சர்க்கரை கூடினால் உறைவது கஷ்டம், கொழகொழவென்றே இருக்கும். பாகை வடித்து, பேடாவைப் பிய்த்துக் கடைசியில் போட்ட ஒன்றை ஒரே ஒரு முறை சாப்பிட்டிருக்கிறேன். உள்ளே இருந்த முந்திரியும் பாதாமும் மொறுமொறுவென்று இருந்தன.

வீட்டுக்கு எடுத்துப் போவதில் நான் ஒரு தடவை தவறிவிட்டேன். காட்பாடியில் சப்போட்டா ஐஸ்கிரீம் அரை லிட்டர் வாங்கிக்கொண்டு, மத்தியானம் இரண்டு மணிக்குப் பஸ்ஸில் ஆற்காட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். வெறும் துணிப்பை. போய்ச் சேரும்போது பாயசமாகியிருந்தது. ஃப்ரீசரில் வைத்து ராத்திரி எடுத்தோம், மருமகள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "மாமா, இதுல ஐஸ் கீது" என்றாள். அவ்வளவு நல்ல பழத்தை நான் கெடுத்துவிட்டேன். இப்போது வண்டியிலேயே ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. முதல் நாள் ராத்திரி உப்புத் தண்ணீரை இரண்டு பாட்டிலில் உறைய வைத்து, பெட்டியில் அவற்றுக்கு நடுவே டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி வைப்பேன். ஒரு மணி நேரம் தாராளமாகத் தாங்கும். வீட்டில் ஃப்ரீசர் கதவு ஓரத்தில் வைக்காதீர்கள், உள்ளே தள்ளி வையுங்கள். எடுத்தபின் மீதியின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் அழுத்தி மூடுங்கள். பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கடைசியாக, சாப்பிட்டது எப்படி இருந்தது என்று செய்தவரிடம் போய்ச் சொல்லுங்கள். "சூப்பர்" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. எது பிடித்தது, எது உறுத்தியது என்று தனியாக, மெதுவாக, மற்ற வாடிக்கையாளர்கள் இல்லாதபோது சொல்லுங்கள். போன புரட்டாசியில் காந்தி நகர் அக்காவின் சீத்தாப்பழ ஐஸ்கிரீம் விழுங்கினபின் லேசாகக் கசந்தது. சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போய்ச் சொன்னேன். அக்கா முகம் வாடியது. "கொட்டை ஒண்ணு அரைஞ்சிருக்குமோ?" என்றார். கொட்டை காரணமில்லை. அந்த வாரம் பழத்தைப் பாலோடு சேர்த்துக் காய்ச்சியிருந்தார், சீத்தாப்பழச் சதை சூடு பட்டால் கசக்கும். சின்னச் சின்னக் கிண்ணமாக மாற்றி மாற்றிச் செய்து அவரே அதைக் கண்டுபிடித்தார். அடுத்த சனிக்கிழமை போனபோது ஃப்ரீசரில் எனக்கென்று ஒரு டப்பா தனியாக இருந்தது. மூடியில் நீல மார்க்கரில், "தம்பிக்கு. பச்சைப் பழம். காய்ச்சல" என்று எழுதியிருந்தார்.